கசிவுப் பதிவேடு

கலங்கல் என்ற ஒரே சொல்லை
இரண்டு கட்டத்தில் எழுத வேண்டியிருக்கிறது எனக்கு.
ஒன்று, நிறைந்தால் மிகுநீர் வழிகிற மேடை.
மற்றது, வரவே கூடாத நிறம்.

குடியாத்தத்திலிருந்து மலைப்பக்கம் போகும் பஸ்
திரும்புகிற இடத்துக்கும் அப்பால்
ஏழுகுண்டு ஓடையை மறித்துக் கிடக்கிறது செம்பாறை அணை.
பெயர்தான் அணை. இருபத்து நாலடி மண்.
முந்நூற்றுச் சொச்சம் ஏக்கர் கடலையும் கரும்பும்
அதன் ஒற்றை மதகை நம்பி.

நான் லஸ்கர். காலை ஆறுக்கு
அளவுகோலில் தண்ணீர் தொடும் எண்ணைப் படித்துவிட்டு
கரையின் பின்புறம் இறங்குவேன்.
அடிவாரத்தில் எப்போதும் ஒரு கசிவு.
மண்கரை என்றால் வியர்க்கும்,
தெளிவாக வியர்க்கிறவரை பயமில்லை என்று
உதவிப் பொறியாளர் தேவசேனா சொல்லியிருக்கிறார்.
ஆகவே தினமும் ஒரு குவார்ட்டர் பாட்டிலில் பிடித்து
வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்க்கிறேன்.
பாட்டிலுக்குப் பஞ்சமில்லை.
ஞாயிறுதோறும் கரையிலேயே விட்டுப் போகிறார்கள்.
ஷட்டர் அறை ஜன்னலில் தேதி ஒட்டிய வரிசையைப் பார்த்து
என் மாமனார் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

கரைக்குள் குடியிருப்பவை:
நண்டு, வயலெலி, ஒரு முள்ளம்பன்றிக் குடும்பம்,
வெட்ட வெட்டத் துளிர்க்கும் சீமைக்கருவேலத்தின் வேர்.
முன்பக்கம் அலை அரிக்காதிருக்கப் பதித்த கற்களில்
அறுபதோ எழுபதோ
கோதண்டனின் மாட்டுக்கொட்டகைச் சுவராக நிற்கின்றன.
எழுதி அனுப்பினேன். பதில் இல்லை.
அவன் என்னை எங்கே பார்த்தாலும் டீ வாங்கித் தருவான்.

கார்த்திகை. புயல் கரையேறிய மறுநாள் இரவு.
இருபத்தொன்றரை அடி, ஏறிக்கொண்டிருந்தது.
டார்ச்சோடு இறங்கிப் பிடித்தேன்.
பாட்டிலில் கோதண்டன் வாங்கித் தரும் டீ.

டவர் கிடைக்கும் ஒரே இடமான பனங்கட்டைமேல் ஏறிக் கத்தினேன்.
தேவசேனாவுக்கு முன்னால் ஊர் வந்தது,
கூடை கூடையாய்க் களிமண்ணோடு.
"இன்னாத்துக்குப் பாத்துக்கினு நிக்கற, அடை!"
யாருடைய பைக்கின் பின்னாலோ சேறாய் வந்திறங்கி
அடைக்காதீர்கள் என்றார் அவர்.
அடைத்தால் வேறு வழி தேடும்,
நமக்குத் தெரியாத வழி.
கீழே மணல். மேலே ஜல்லி. அதற்குமேல் கல்.
தண்ணீர் போகட்டும்,
மண் மட்டும் நின்றால் போதும்.

மணல், அம்மன் கோயில் திருப்பணிக்குக் கொட்டியது.
ஜல்லி, மூன்று வருடமாய்ப் போடாத ரோட்டுக்கு.
கல் என்றதும்
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
கோதண்டன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனான்.
இருட்டில் சுவர் சரிகிற சத்தம்.
பிறகு வெகுநேரம் டிராக்டர் விளக்கில்
மழையோடு நின்ற மாடுகளின் கண்கள்.

அந்தப் பக்கம் நான்கு பேர் ஷட்டர் கம்பியில் தொங்கினோம்.
துரு விட்டுக்கொடுக்கவில்லை. தோள் கொடுத்தது.
அரைச் சுற்று. இன்னும் அரைச் சுற்று.
கீழே ஆற்றோர லைன் வீடுகளில்
தீப்பெட்டி ஒட்டுகிற பெண்கள்
குச்சி நனையாமல் மூட்டை கட்டிக்கொண்டு
பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தார்கள் என்று தகவல் வந்தது.

மூன்று மணிப் பாட்டில் டீ.
நாலரை மணிப் பாட்டில் அரிசி கழுவிய நீர்.
ஆறு இருபதுக்குப் பிடித்ததன் வழியே
அந்தப் பக்கம் என் கட்டைவிரலின் ரேகை தெரிந்தது.
தேவசேனா வாங்கிப் பார்த்தார்,
திருப்பித் தரவில்லை, பையில் வைத்துக்கொண்டார்.

பதிவேட்டில் எழுதினேன்:
நீர்மட்டம் இருபது முக்கால். கசிவு உண்டு. கலங்கல் இல்லை.
வேலூரிலிருந்து போன்:
"கலங்கல் இல்லையா? வரைபடத்தில் இருக்கிறதே?"

ஷட்டர் கம்பிக்கு கிரீஸ் கேட்டு நான்காவது விண்ணப்பம் போட்டிருக்கிறேன்.
கோதண்டன் இப்போது மாடுகளைக் கரைமேல் கட்டுகிறான்.
கட்டக் கூடாது.
இன்னும் எழுதவில்லை.